தவளைமேட்டுச் சம்பந்தம்

லா சப்பல், பாரிஸ்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நல்லசிவம் எழுதுவது. இங்கே நானும் தில்லைநாயகியும் என்னுடைய கொலஸ்ட்ரோலும் ஒரே வீட்டில் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி?

கடிதத்தைக் கண்டதும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறவேண்டாம். இது போனில் கதைக்க முடியாத விடயம். என்னுடைய வட்ஸ்அப்பை மகள் சாம்பவி எங்கள் வீட்டு டாப்லெட்டிலும் இணைத்துப் பூட்டிவிட்டாள். நான் யாருக்கு எதை அனுப்பினாலும் அது குசினி மேசையில் வந்து விழுகிறது. தில்லைநாயகி மரக்கறி வெட்டிக்கொண்டே வாசிக்கிறாள். அவள் வாசித்தால் அரை மணித்தியாலத்தில் டோர்ட்முண்டில் சாம்பவிக்குத் தெரியும். அதனால்தான் பேனை.

விடயம் இதுதான். சாம்பவி தன்னோடு வேலை செய்கிற ஒரு ஜெர்மன் பொடியனைக் கலியாணம் செய்யப்போகிறாளாம். பெயர் யோனாஸ். அதுவரை சரி. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டேன். பொக்கன்பிரிங்க் என்றாள். இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டபோது தில்லைநாயகி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “இஞ்சருங்கோ, பேரோடயோ அவளுக்குக் கலியாணம்?” என்றாள்.

தில்லைநாயகி ஐந்து நிமிடத்தில் சம்மதித்துவிட்டாள். நான் தகப்பன் அல்லவா, எனக்கென்று ஒரு மரியாதை வேண்டாமா? குடும்பத்தை விசாரித்துத்தான் பதில், தைப்பொங்கலன்று சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், ஜெர்மன்காரனை எங்கே போய் விசாரிப்பது என்று. உடனே உங்கள் முகம் வந்தது. பொடியனின் தகப்பன் இருப்பது உங்கள் ஹம் நகரப் பக்கம்தானாம். நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்து எழுதவேண்டும்.

இன்னொன்று. அங்கே பதிவு செய்யும்போது இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு குடும்பப் பெயரை எடுக்கலாமாம். அவனுடையதாகவும் இருக்கலாம், இவளுடையதாகவும் இருக்கலாம். சாம்பவி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நானும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டேன்.

பதிலை வீட்டுக்குப் போடவேண்டாம். நான் வேலை செய்கிற ழான்-லூக்கின் உணவக விலாசத்துக்குப் போடுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

உங்கள் தம்பி
நல்லசிவம்


ஹம்
2 அக்டோபர் 2024

தம்பிக்கு,

அக்கா தவமலர். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன்னுடைய கொலஸ்ட்ரோலுக்கு வெண்ணெயைக் குறை.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் பெயரைப் பற்றி அரைப் பக்கம், பொடியனைப் பற்றி ஒரு வரி. அவன் நெட்டையா கட்டையா, குடிப்பானா என்று ஒன்றும் இல்லை.

என் மகன் உதயன் கணினியில் தேடிப் பார்த்தான். எங்கள் தெருவில் மட்டும் நாலு முல்லர் குடும்பம் இருக்கிறது. ஆனால் பொக்கன்பிரிங்க் என்று ஜெர்மனி முழுக்கப் பதினொரு பேர்தான். ஒரு கிரிக்கெட் அணிக்குச் சரி. அதில் நாலு பேர் ஒரே கிராமத்தில், இங்கேயிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். பொடியனின் தகப்பன் ஹைன்ரிஷ் அங்கேதான் இருக்கிறார். மனைவி இறந்துவிட்டாவாம். பெயருக்கு என்ன அர்த்தம் என்று உதயனுக்கும் தெரியவில்லை.

போய்ப் பார்க்கிறேன். அதற்கு முதல் நீ ஒன்று எழுது. பேச்சோடு பேச்சாகக் கேட்ட அந்த விடயத்தில் உன் மனம் என்ன?

தில்லைநாயகியைக் கேட்டதாகச் சொல்ல முடியாது, ஆனாலும் கேட்டேன்.

அக்கா


லா சப்பல்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ழான்-லூக் சூப் சட்டிக்கு மேலால் நீட்டினார். ஒரு மூலையில் வெங்காய வாசம். மற்றபடி சுகம்.

பதினொரு பேர் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். இந்தச் சப்பலில் மெட்ரோ வாசலில் நின்று ‘நல்லசிவம்’ என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் புடவைக்கடை, மற்றவர் சீட்டுப் பிடிக்கிறவர். ஒரு நாட்டில் பதினொரு பேர்தான் என்றால் மற்றவர்களெல்லாம் எங்கே? பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மச்சான் ஒருவரும் இல்லாத குடும்பத்தை யாரிடம் போய் விசாரிப்பது?

விசாரணை எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தில்லைநாயகியின் தகப்பன் என்னை விசாரிக்க அனுப்பிய ஆள் சைக்கிளில் வந்து எங்கள் வாசல் படலையடியில் உங்களையே மறித்துக் கேட்டார். நீங்கள் “நல்ல பொடியன்” என்றீர்கள். “ஆனா சரியான சோம்பேறி” என்று சொல்லி முடிக்கமுதல் சைக்கிள் போய்விட்டது. அந்த அரைவாசிப் பதிலில்தான் எனக்குக் கலியாணம் நடந்தது.

பெயர் விடயத்தில் என் மனம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பெயரில் ஒரு பற்றும் இல்லை. பற்று வைக்கிற மாதிரியா என் பெயரின் கதை? எண்பத்தெட்டில் இங்கே வந்து பத்திரம் நிரப்பியபோது கரிகாலன்தான் உதவி. அவன் மூன்று மாதம் மூத்த அகதி, அதனால் பிரெஞ்சுப் பண்டிதன். “மேல் பெட்டிக்குள்ள உன்ரை பேர், கீழ் பெட்டிக்குள்ள கொப்பற்றை பேர்” என்றான். மேல் பெட்டி குடும்பப் பெயராம், கீழ்ப் பெட்டிதான் ஆளின் பெயராம். அன்றிலிருந்து பிரெஞ்சுக்காரருக்கு நான் அப்பாவின் பெயரில் வல்லிபுரம். எங்கள் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் ஒரு வெங்காயம் உரித்தவரில்லை. ழான்-லூக்கின் குசினியில் முப்பது வருடமாக ஒருநாளைக்கு இருபது கிலோ உரிக்கிறார். “வல்லிபுரம், கெதியா!” என்று அவர் கத்தும்போது அப்பாவுக்காக நான்தான் வெட்கப்படுவேன்.

ஒரு நன்மை. நான் பிழையாக நிரப்பியதால் பிள்ளைக்குச் சரியாக வந்தது. சாம்பவி நல்லசிவம். எங்கள் வழக்கப்படியே தகப்பன் பெயர். பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்புக் கூப்பிடும்போது ரீச்சர் என் பெயரைத்தான் கூப்பிடுவாவாம். ஒரு நாள் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போங்கள். போனதும் எழுதுங்கள்.

தம்பி


லா சப்பல்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சுகமா? ஐந்து கிழமையாக ஒரு வரியும் இல்லை. கோபமா, முழங்காலா?

நீங்கள் எழுதாததால் நானே விசாரணையைத் தொடங்கிவிட்டேன். ழான்-லூக்கின் மனைவி ரோசாலி அல்சாஸ்காரி, ஜெர்மன் எல்லையில் பிறந்தவ. பொக்கன்பிரிங்க் என்று கடுதாசியில் எழுதிக் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, புதுச் சாப்பாடா என்று கேட்டா.

தீபாவளிக்குச் சாம்பவி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நீங்கள் கேட்டதற்குப் பதில்: நெட்டை. எங்கள் குசினி விளக்கில் இரண்டு தரம் தலையை இடித்தான். மூன்றாம் தரம் குனிந்தான், அதனால் மூளையும் இருக்கிறது. குடித்தது தில்லைநாயகியின் ரசம், மூன்று கோப்பை. கையால் சாப்பிட்டான். சாப்பாடு முழங்கை வரை வந்தது, ஆனாலும் சாப்பிட்டான். என்னை “மாமா” என்று கூப்பிட்டு, கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கினான். நான் அந்த வீட்டில் முப்பது வருடமாகச் செய்யாத வேலை. தில்லைநாயகி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க ஏலாது.

அவர்கள் போன பிறகு பேப்பர் வாசிக்க எடுத்தேன். ஓரத்தில் சாம்பவி பேனையால் எழுதிப் பார்த்திருக்கிறாள். சாம்பவி பொக்கன்பிரிங்க், சாம்பவி பொக்கன்பிரிங்க், ஆறு தரம். அவளுடைய கையெழுத்து சின்னனிலிருந்தே வடிவு.

இந்த வருடம் இங்கே உருளைக்கிழங்கு நல்லாயில்லை. உங்கள் பக்கம் எப்படி?

தம்பி


ஹம்
9 டிசம்பர் 2024

தம்பிக்கு,

சுகம். கோபமும் இல்லை, முழங்காலும் இல்லை.

போனேன். பொடியனின் தகப்பன் தோட்டத்துக் கிழங்கை ரோட்டோரம் வைத்து விற்கிறார். கிழங்கு வாங்குகிற சாட்டில் படலையடியில் நின்று நைசாகக் கதை கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “நீங்கள்தானே விசாரிக்க வந்த மாமி?” என்று ஜெர்மனில் கேட்டார். உள்ளே கேக் வெட்டி, மூன்று கோப்பை வைத்து, பிறப்பு, கலியாணம் பதிகிற அவர்களுடைய கோவில் புத்தகப் பிரதிகளையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தார்.

எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதே.

நிறையக் கதைத்தோம். மூன்று தரம் போய்விட்டேன். பத்துக் கிலோ கிழங்கு மிச்சமிருக்கிறது. உன் கேள்விக்குப் பதில், கிழங்கு நல்லது.

அக்கா


லா சப்பல்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சுகம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் சுகமா?

மூன்று தரம் போய்க் கேக் சாப்பிட்ட விசாரணையில் எனக்குக் கிடைத்த தகவல் கிழங்கு மட்டும்தான். பொங்கலுக்கு நாலு கிழமை இருக்கிறது. அது எப்படிப்பட்ட குடும்பம்? அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது? ஏன் பதினொரு பேர்? மூன்றாவது கோப்பை யாருக்கு?

தம்பி


ஹம்
5 ஜனவரி 2025

தம்பிக்கு,

புது வருடத்தில் எல்லாரும் நல்லாயிருங்கள். நான் இருக்கிறேன்.

இப்போது முழுதாக எழுதுகிறேன். இருந்து வாசி, சூப் சட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசிக்காதே.

பொக்கன் என்றால் அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் தவளைகள். பிரிங்க் என்றால் புல்லு மேடு. தவளைமேடு. எங்கள் பக்கத்து உறுதிப் பத்திரங்களில் காணிக்குப் பெயர் இருக்குமே, அது மாதிரி. அது ஆளின் பெயரே இல்லை, ஒரு பண்ணை வீட்டின் பெயர். அங்கே அந்தக் காலத்து வழக்கம் என்னவென்றால், வீட்டில் இருக்கிறவனுக்கு வீட்டின் பெயர். ஒரு வீட்டில் பெண்பிள்ளை மட்டும் இருந்து, வெளியாள் ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு அங்கே வந்தால், அவன் தன் சொந்தப் பெயரைப் படலையில் விட்டுவிட்டு வீட்டின் பெயரை எடுத்துக்கொள்வான். வீட்டை விட்டுப் போகிற தம்பிமார் போன வீட்டின் பெயரை எடுப்பார்கள். பிறகு அரசாங்கம் இனிமேல் பெயரை மாற்றாதே என்று சட்டம் போட்டது. அன்றைக்கு அந்த ஒரு வீட்டுக்குள் இருந்தவர்கள்தான் அந்தப் பெயரோடு நின்றார்கள். பதினொரு பேர் ஏன் என்று கேட்டாயே, இதுதான் காரணம்.

ஹைன்ரிஷ் கோவில் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினார். முந்நூறு வருடத்தில் ஐந்து தரம் அந்த வீட்டுக்கு மருமகன்தான் வந்திருக்கிறான். ஐந்து பேரும் பெயரை மாற்றியிருக்கிறார்கள். நான் அவரிடம் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை பெட்டியோடு போய்க் குடியேறுவான் என்று. மனுசன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நாங்கள் சொந்தக்காரர்” என்றார். குடும்பம் எப்படி என்று கேட்டாய். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பொய் தெரியாத மனுசன். விசாரணை முடிந்தது, என் பக்கம் சம்மதம்.

அந்தப் பண்ணை இப்போது இல்லை. இடித்துச் சுப்பர் மார்க்கெட்டின் கார் தரிப்பிடம் ஆக்கிவிட்டார்கள். மழைக்குத் தவளை மட்டும் வருமாம்.

மூன்றாவது கோப்பை யோனாசுக்கு. அவனும் இருந்தான். உன் பெட்டிக் கதையையும் இடாப்புக் கதையையும் கேட்டுச் சிரித்தான். பிறகு சிரிக்காமல் இருந்தான். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை.

அக்கா


டோர்ட்முண்ட்
9 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் யோனாசும் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் தமிழில் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் உங்களுக்குத்தான் வெட்கம், நீங்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

தவமலர் மாமி உங்கள் முதல் கடிதம் கிடைத்த அன்றே எனக்குப் போன் எடுத்துவிட்டா. அம்மாவுக்கும் தெரியும். உணவகத்துக்கு வருகிற கடிதங்களை ரோசாலி தபால்பெட்டியில் எடுத்ததும் அம்மாவுக்குத் தகவல் போகும். நீங்கள் ஒளித்து வைத்து வாசிக்கிற சந்தோசத்தைக் கெடுக்கக்கூடாது என்று எல்லாரும் பேசாமல் இருந்தோம்.

இப்போது யோனாஸ் சொன்னது. அவன் தன் பெயரை விடப்போகிறானாம். நல்லசிவம் என்ற பெயரை எடுக்கப்போகிறானாம். தன்னுடைய குடும்பத்தில் ஐந்து மாப்பிள்ளைகள் அப்படிச் செய்திருக்கிறார்கள், தான் ஆறாவது என்கிறான். “மாமாவின்ரை வீட்டுக்குத்தானே நான் வாறன்” என்று தமிழில் சொல்லிப் பழகுகிறான். ஹைன்ரிஷ் மாமாவும் சரி என்றுவிட்டார், ஆனால் அன்றைக்குக் கேக் சாப்பிடவில்லை.

பேப்பர் ஓரத்தில் நான் எழுதினதை நீங்கள் கண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டீர்கள், அம்மா சொன்னா. எனக்கு அந்தப் பெயரைப் பிடிக்கும் அப்பா. உங்களுடையதையும் பிடிக்கும். அதனால் நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் சொல்கிறதை நாங்கள் பதிவோம்.

அன்புடன்
சாம்பவி


லா சப்பல்
14 ஜனவரி 2025, தைப்பொங்கல்

அன்புள்ள சாம்பவிக்கும் மருமகன் யோனாசுக்கும்,

மருமகன் என்று எழுதியதிலேயே பதில் இருக்கிறது. சம்மதம், சம்மதம், சம்மதம். மூன்று தரம் எழுதியது நான் மூன்று தரம் பெயர் கேட்டதற்குப் பிராயச்சித்தம். அம்மா பொங்கலைப் பொங்கவிட்டுவிட்டு உன் கடிதத்தைத்தான் வாசித்தா, அடி பிடித்துவிட்டது. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை நான் உணவகத்தில் வாசித்தேன். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று ழான்-லூக் கேட்டார். வெங்காயம் என்றேன். அன்றைக்கு நான் உரித்துக்கொண்டிருந்தது உருளைக்கிழங்கு.

மருமகன், நான் அக்காவுக்கு எழுதியது பொய். பெயரில் எனக்கு ஆசை இருந்தது. ஒரு வாசலில் நின்று ஒரு தரம் கேட்டவனுக்கு அது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அதை எடுக்க ஒருவன் தன் முந்நூறு வருடத்தைக் கழற்றிவைக்க வந்தான் என்று வாசித்தபோது, என் ஆசை வயிறு நிறைந்து படுத்துவிட்டது. பசியில்லாதவன் மற்றவனுடைய கோப்பையில் கை வைக்கக்கூடாது.

வீட்டுக்கு வருகிறவன் வீட்டின் பெயரை எடுக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். எங்கள் வீடு வாடகை வீடு, நாலாம் மாடி, கீழே முடி வெட்டுகிற கடை. வழக்கப்படி பார்த்தால் நீங்கள் அந்தக் கடையின் பெயரைத்தான் எடுக்க வேண்டும். இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவ சொன்னா: “வழக்கப்படி பாத்தா நீங்கள் எங்கடை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. முப்பத்தேழு வருசமா என்ரை பேரை எடுக்காமத் திரியிறியள்.”

ஆகவே தீர்ப்பு. பதினொரு பேர் இருக்கிற அணியில் ஒருவனைக் குறைத்தால் ஆட ஏலாது. சாம்பவி பன்னிரண்டாவது ஆளாகப் போகட்டும். அவளுக்கு அந்தக் கையெழுத்துப் பழக்கம் வேறு. ஹைன்ரிஷ் சம்பந்தியைக் கேக் சாப்பிடச் சொல்லுங்கள்.

வெட்டி எடுத்த துண்டு என் பர்சில் இருக்கிறது. கோபத்தில் வெட்டவில்லை, எழுத்து வடிவு என்றுதான்.

அன்பு அப்பா, மாமா
(இரண்டு பெட்டியையும் சரியாக நிரப்பியிருக்கிறேன்)


ஹம்
22 ஜூன் 2025

தம்பிக்கு,

கலியாணம் முடிந்து நாலு கிழமையாகிறது, இன்னும் உன்னுடைய ஆட்டத்தைப் பற்றித்தான் இங்கே கதை. இடுப்பு சுகமா? இனி ஒளித்து எழுதத் தேவையில்லை, படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று சாம்பவி சொன்னாள். நான் விடவில்லை. கடிதத்தில் தொடங்கியதைக் கடிதத்தில் முடிப்போம்.

பிள்ளைகள் ஹைன்ரிஷின் கிராமத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கார் தரிப்பிடத்துக்குப் பின்பக்கம், தோட்டம் ஈரம், தவளைச் சத்தத்தில் காது கேளாது. நேற்றுப் பால் காய்ச்சினோம். ஹைன்ரிஷ் ஒரு மரப்பலகையைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார். இரண்டு மாதமாகத் தன் கையால் செதுக்கியதாம். கதவுக்கு மேலே அறைந்தார். மேலே தமிழ் எழுத்து, கீழே ஜெர்மன் எழுத்து. நல்லசிவம்.

ஆளுக்குப் பெயர் பிறகுதான் வந்தது, முதலில் வீட்டுக்குத்தான் பெயர் வைத்தோம் என்றார். இன்னும் முந்நூறு வருடத்தில் ஒரு ஜெர்மன் பொடியன் இந்த வீட்டுக்கு மருமகனாக வந்து நல்லசிவம் ஆகட்டும் என்று சொல்லி, கேக்கில் இரண்டாம் துண்டும் எடுத்தார். ‘சி’யின் மேலே வளைகிற விசிறி கொஞ்சம் சரிவு. பார்த்தால் சொல்லாதே.

நாங்கள் வாசலில் நிற்கும்போது பக்கத்து வீட்டு மனுசி வேலியடிக்கு வந்தா. பலகையைப் பார்த்துவிட்டு, யார் அந்த நல்லசிவம், எப்படிப்பட்ட ஆள் என்று என்னை விசாரித்தா.

“நல்ல பொடியன்” என்றேன்.

இந்த முறை சைக்கிள் இல்லை. அவ வேலியில் கை வைத்துக்கொண்டு மிச்சத்துக்குக் காத்து நின்றா. எனக்கும் வேண்டிய நேரம் இருந்தது.

சொல்லவில்லை.

அக்கா